வரைபடத்தில் விடுபட்ட மலை
தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் முதல் நாளைய தரவு மையம் வரை

ஒரு மலை காணாமல் போகுமா? போயிருக்கிறது, அதுவும் நம் நாட்டில்தான்.

1885-ஆம் ஆண்டு, பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளந்து வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் அளவையாளரிடம் தரப்பட்டது. காடும் ஆறும் கடந்து சென்றவர், சுற்றிலும் மலைகள் அரண்போல் நிற்க, நடுவில் மெல்லச் சரிந்து கிடக்கும் நல்லதொரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் குறித்து வைத்தார். ஆனால், அந்த இடத்தை வரைபடத்தில் சரியாகப் பதியவில்லை. விளைவு? 40 ஆண்டுகள் அந்த மேட்டுநிலம் கிட்டத்தட்ட கதையாகவே இருந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் ஏறிப் பார்த்த பிறகுதான் அங்கே மலைவாசத் தலம் அமைக்கும் திட்டம் உயிர் பெற்றது. அந்த மலைதான் கேமரன் மலை. சமநிலம் என்று மலாயில் பொருள்படும் தானா ராத்தா அதன் நிர்வாகப் பட்டணம்.

தகவல் இல்லாமல் போனதால் நேர்ந்ததல்ல இது. தகவல் இருந்தது. தேவைப்பட்டவர் கைக்கு, தேவைப்பட்ட உருவத்தில் அது போய்ச் சேரவில்லை. இன்று பெரிய நிறுவனங்கள் தங்கள் தரவுகளைச் சேமித்து வைக்கக் கோடிக்கணக்கில் பணம் கொட்டுகின்றன. நாளைக்குக் கண்ணாடியில் எழுதுவோம், மரபணுவில் எழுதுவோம் என்று ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன. ஆனால், அடிப்படைக் கேள்வி 1885-இல் இருந்ததேதான். எழுதியது யார், அதை அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்வது யார், தேவைப்படும்போது அதைப் படிக்க முடியுமா?

இந்தக் கேள்வி ஏதோ கணினிப் பொறியியலாளர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சமுதாயத்தில் பலருடைய குடியுரிமையும் சேமநிதியும் இந்தக் கேள்வியில்தான் தொங்கிக் கொண்டிருந்தன.

கிராணியாரின் மேசை

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வெட்டிக் கொண்டிருந்த காலம் அது. காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். துரை, கிராணி, கங்காணி, தண்டல் என்று படிப்படியாக அமைந்த தோட்ட நிர்வாகத்தில் எல்லாவற்றையும் தாங்கி நின்றது ஒரு புத்தகம். அதற்குச் செக்ரோல் என்று பெயர்.

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி. மாலையில் கொழுந்தை நிறுத்துப் பார்த்து இறாத்தல் கணக்கு ஏறும். மாதக் கடைசியில் கூட்டிக் கழித்து, முன்பணம் வாங்கியதைப் பிடித்துக் கொண்டு, மிச்சத்தைச் சம்பளமாகத் தருவார்கள். இன்றைய மொழியில் சொன்னால், தோட்ட ஆபிஸில் இருந்த அந்த அலமாரிதான் அந்த நிறுவனத்தின் தரவுக் கிடங்கு. கிராணியார்தான் அதன் நிர்வாகி.

அந்தக் கிடங்குக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதைப் படிக்க இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கண்ணும் எழுத்தறிவும் போதும். பலவீனங்களும் உண்டு. பெரும்பாலும் ஒரே படிதான். மலைக்காற்றின் ஈரமும் கறையானும் தீயும் அதற்கு எமன்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம், அந்தப் புத்தகம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பது. அதில் யாருடைய பெயர் இருந்ததோ அவருக்கு அதன்மேல் எந்த உரிமையும் இல்லை. பெரும்பாலோரால் அதைப் படிக்கவும் முடியாது.

பெயர் இருந்தவரும் இல்லாதவரும்

பதிவு என்பது மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைச் சயாம் மரண ரயில்பாதை காட்டியது. 1942 முதல் 1943 வரை ஜப்பானிய இராணுவம் போட்ட அந்தப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் மடிந்தனர். கைதிகளுக்குள் இருந்த அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து இரகசியப் பெயர்ப் பட்டியல்களைக் காப்பாற்றினார்கள். அதனால்தான் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் இன்று வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களுக்கு மதிப்பீடுகள் மட்டுமே உண்டு. ஒரு வரலாற்றாசிரியர் சொல்லும் எண் இன்னொருவர் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போவதில்லை. பட்டியலில் பெயர் இருந்தவருக்குக் கல்லறை. இல்லாதவர் ஒரு தோராய எண்ணுக்குள் கரைந்து போனார்.

போர் முடிந்தபின் காகிதத்தின் அதிகாரம் இன்னும் கூடியது. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை வந்தது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, இங்கே பிறந்ததையோ இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததையோ நிரூபித்தால் குடியுரிமை என்ற நிலை வந்தது. நிரூபிப்பது எதைக் கொண்டு? பிறப்புப் பத்திரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தோட்டப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கிராணியார் எழுதித் தரும் கடிதம். விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரமே பலருக்கு எட்டவில்லை. எட்டியவர்களிலும் பலருக்குக் காட்ட ஒரு தாள் இல்லை.

அதே கால கட்டத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வெள்ளைக்கார நிறுவனங்கள் நிலத்தைக் கூறுபோட்டு விற்றுவிட்டுப் புறப்பட்டன. இதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். துண்டாடலில் வீடும் வேலையும் போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதோடு ஆபிஸ் அலமாரியும் போனதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரு நிறுவனம் மூடப்படும்போது அதன் நினைவும் மூடப்படுகிறது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் பிறந்த நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். இங்கேயே தங்கிவிட்டவர்களில் சிலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பத்திரம் இல்லாமலே வளர்ந்தார்கள். 2011-இல் அரசாங்கம் மைடஃப்தார் என்ற சிறப்புப் பதிவு இயக்கத்தை நடத்த வேண்டி வந்ததென்றால், அதன் வேர் அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் காலியான அலமாரிகளிலும் இருக்கிறது.

எல்லாமே இப்படி முடியவில்லை. 1951-இல் ஊழியர் சேமநிதி வாரியம் அமைந்தது. தோட்டத்துத் தொழிலாளியின் கணக்கு மாதந்தோறும் தோட்டத்தை விட்டு வெளியே போய், கோலாலம்பூரில் அவர் பெயரிலேயே பதிவானது. தோட்டம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் அந்தப் பதிவு நிலைத்தது. 55 வயதில் பணம் எடுக்க முடிந்தது. இரண்டும் காகிதம்தான், இரண்டையும் நிரப்பியது கிராணியார்தான். வேறுபாடு ஒன்றுதான். ஒரு பதிவு, அதை எழுதிய நிறுவனத்துக்கு வெளியேயும் வாழ்ந்தது. மற்றது அங்கேயே செத்தது.

தாளிலிருந்து தட்டுக்கு

காகிதத்தின் இடத்தை இயந்திரம் பிடித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹொல்லரித் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணினார். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ரேமாக் என்ற கணினியோடு உலகின் முதல் வன்தட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடை. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகள். கிராணியாரின் அலமாரியில் ஒரு தட்டுக்குள் அடங்கக்கூடிய அளவு. ஆனால், புத்தகத்தைப் புரட்டாமல், அட்டைக் கட்டைப் பிரிக்காமல், வேண்டிய ஒரு கணக்கை மட்டும் நொடியில் எடுக்க முடிந்தது. அதுதான் புரட்சி.

நம் நாடும் இந்தக் கதையில் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் உலகின் வன்தட்டுகளும் அவற்றின் பாகங்களும் மலேசியாவில் உருவாகின. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பேருந்துகளில் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். தாயின் பெயர் செக்ரோலில் இருந்தது. மகளோ உலக நிறுவனங்களின் செக்ரோல்கள் ஏறப்போகும் தட்டுகளைச் செய்தாள்.

2001-இல் மைகாட் வந்தது. அடையாள அட்டைக்குள் ஒரு சில்லு, அதற்குள் உரிமையாளரின் விவரமும் படமும் கைரேகையும். முதலில் 32 கிலோபைட், பின்னர் 64 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்துக்கே அது போதாது. ஆனால், ஒரு மனிதன் இந்த நாட்டுக்காரன் என்று சொல்ல அது போதுமானதாக இருக்கிறது. தரவின் மதிப்பு அதன் அளவில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அடுப்பு, அலமாரி, பரண்

இன்றைய பெரிய நிறுவனம் தன் தரவை எப்படி வைத்திருக்கிறது? நம் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். இப்போதே வேண்டியது அடுப்பின்மேல் இருக்கிறது. இன்றோ நாளையோ வேண்டியது கைக்கெட்டும் அலமாரியில் இருக்கிறது. தீபாவளிக்கு மட்டும் வேண்டிய பெரிய அண்டா பரணில் இருக்கிறது. நிறுவனங்களும் அப்படித்தான்.

அடுப்பு என்பது பிளாஷ் நினைவகம். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்கா உருவாக்கியது. சுழலும் பாகம் எதுவும் கிடையாது. மின்னல் வேகம், விலையும் அதிகம். வங்கியில் அட்டையைச் செருகியதும் மீதத் தொகை வந்து நிற்பது இதனால்தான். மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இதில் எழுதியது மெல்ல மறையத் தொடங்கும் என்பது இதன் குறை.

அலமாரி என்பது வன்தட்டு. மலிவு, கொள்ளளவும் பெரிது. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், பல மலிவான தட்டுகளைக் கூட்டாக வைத்துப் பாதுகாப்பது எப்படி என்று எழுதினார்கள். கணக்கு எளிமையானது. முதல் தட்டில் 7 என்று எழுது, இரண்டாவதில் 5, மூன்றாவதில் இரண்டின் கூட்டுத்தொகை 12. எந்த ஒரு தட்டு கெட்டாலும் மற்ற இரண்டை வைத்து விடுபட்ட எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இன்று பெரும் கிடங்குகள் எல்லாம் இந்த எண்ணத்தின் பேரப்பிள்ளைகளைத்தான் நம்பியிருக்கின்றன.

பரண் என்பது காந்த நாடா. கேசட் காலம் முடிந்துவிட்டதென்று நினைப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 2000-இல் வந்த எல்டிஓ வகை நாடா ஒன்று 100 கிகாபைட் கொண்டது. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை நாடா 18 டெராபைட் கொள்கிறது. அலமாரியில் வைத்துவிட்டால் மின்சாரம் தின்னாது. கணினியோடு இணைந்திராத நாடாவை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் இணையத் திருடன் தொடவும் முடியாது.

2006-இல் அமேசான் நிறுவனம் தன் கிடங்கை வாடகைக்கு விடத் தொடங்கியபின், சொந்தமாக அலமாரி வாங்காமல் மேகக் கணிமையில் இடம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. மேகம் என்பது அழகான பெயர். உண்மையில் அது வேறொருவருடைய கட்டடம், வேறொருவருடைய மின்சாரக் கட்டணம்.

தோட்டம் மறுபடியும் மாறுகிறது

2018-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தன் வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது. மடிக்கணினிகள் பிளாஷுக்கு மாறிவிட்டன என்பது ஒரு முக்கியக் காரணம். வன்தட்டின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. 2024-இல் சீகேட் நிறுவனம் லேசர் கதிரால் தட்டின் ஒரு புள்ளியைச் சூடாக்கி எழுதும் முறையில் 30 டெராபைட் தட்டை வெளியிட்டது. 1956-இன் அந்த ஒரு டன் கருவியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 60 இலட்சம் மடங்கு. வீட்டுக் கணினியிலிருந்து விலகிய வன்தட்டு, தரவு மையங்களில் குடியேறிவிட்டது.

அந்தத் தரவு மையங்கள் இப்போது எங்கே எழுகின்றன? 2019-இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் அதைத் தளர்த்தியது. அந்த இடைவெளியில் பார்வை ஜொகூர் பக்கம் திரும்பியது. செயற்கை நுண்ணறிவின் பசி அந்த வேகத்தைக் கூட்டியது. கூலாயில் வைடிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கும் நிலம், முன்பு பௌஸ்டெட் நிறுவனத்தின் எண்ணெய்ப்பனைத் தோட்டம். ஒரு காலத்தில் மரங்களை எண்ணிப் புத்தகத்தில் எழுதிய இடத்தில், இன்று உலகத்தின் புத்தகங்கள் வந்து தங்குகின்றன. இவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் தண்ணீரும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஜொகூர் மக்களிடையே எழுந்திருப்பது நியாயமே.

ஆய்வுக்கூடங்கள் இன்னும் தூரம் போகின்றன. 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சர்ச் குழு ஒரு புத்தகத்தையே மரபணு மூலக்கூறில் எழுதிக் காட்டியது. 2019-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடித் துண்டில் 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தைப் பதித்தது. தண்ணீரும் கொதிநீரும் காந்தமும் அதை ஒன்றும் செய்யாது. எழுதும் செலவும் வேகமும்தான் இவை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரத் தடையாக இருக்கின்றன. என்றாவது ஒரு நாள் அந்தத் தடையும் நீங்கலாம்.

படிக்க முடியாத ஏடு

ஆயிரம் ஆண்டு நிலைக்கும் கண்ணாடி வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? வரலாறு தலையசைக்க மறுக்கிறது.

1086-இல் இங்கிலாந்து மன்னர் வில்லியம் தம் நாட்டு நிலங்களை எல்லாம் கணக்கெடுத்துத் தோல் ஏடுகளில் எழுத வைத்தார். அந்த டூம்ஸ்டே புத்தகத்தை இன்றும் திறந்து படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பிபிசி நிறுவனம் மக்களைக் கொண்டே ஒரு புதிய டூம்ஸ்டேவைத் தொகுத்து லேசர் தட்டுகளில் ஏற்றியது. 15 ஆண்டுகளுக்குள் அதைப் படிக்கும் கருவிகள் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டன. ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு அதை மீட்டெடுத்தார்கள். தட்டு கெடவில்லை, படிக்கும் வழிதான் அழிந்தது.

தமிழுக்கும் இதே அனுபவம் உண்டு. 1990-களில் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். ஒரு அச்சகத்தின் கோப்பை இன்னோர் அச்சகத்தில் திறந்தால் கோழி கிண்டிய குப்பைபோல் குறிகள் வரும். மலேசியரான முத்து நெடுமாறன் போன்றவர்களின் உழைப்பும், 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது உட்பட தமிழ் இணைய மாநாடுகளும், யூனிகோடு என்ற பொது முறையும் சேர்ந்துதான் அந்தக் குழப்பத்தைக் குறைத்தன. பழைய குறியீட்டில் மாட்டிக்கொண்ட கோப்புகள் இன்னும் எத்தனையோ நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பனையோலை நெடுநாள் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஓலையை நம்பவில்லை. படி எடுப்பதை நம்பினார்கள். தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார்கள். அந்தச் சங்கிலி அறுந்த இடத்தில் நூல்கள் மறைந்தன. அறுபடும் நேரத்தில் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஏட்டிலிருந்து அச்சுக்கு மாற்றிய அந்த ஒரு செயல்தான் நூலைக் காத்தது.

ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தையும் தமிழர்கள் அறிவார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தத் தீ கற்பித்த பாடம் உலகத்துக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வைத்த 858 டெராபைட் கிடங்கு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வேறிடத்தில் படி வைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. தொழில்நுட்பத்தில் முன்னணி வகிக்கும் நாடு அது. இருந்தும், ஒரே படி வைத்திருந்த கிராணியாரின் அலமாரிக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது.

ஆறு ஆண்டும் அறுபது ஆண்டும்

இனி நாளைக்கு வருவோம். தொழிலாளர் பதிவேடுகளை முதலாளி குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேவை முடிந்த தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. இரண்டும் நல்ல நோக்கம் கொண்டவையே. தேவையில்லாமல் குவிந்து கிடக்கும் விவரங்கள்தான் திருடர்களுக்குத் தீனி. ஆனால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆறு ஆண்டு கழிந்தபின் ஒரு நிறுவனம் தன் பழைய தொழிலாளியை மறந்துவிட்டால், பெரும்பாலும் அது குற்றமாகாது. தொழிலாளிக்கோ அந்தச் சான்று அறுபது வயதில் தேவைப்படலாம். ஆயிரம் ஆண்டு நிலைக்கும் கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டாலும், ஏழாம் ஆண்டில் அழி என்று ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டால் கண்ணாடி என்ன செய்யும்?

ஆகவே, நாளைய சேமிப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது இரண்டாம் கேள்வி. அதில் யாருக்குப் பங்கு உண்டு என்பதே முதல் கேள்வி. சேமநிதி கற்றுத் தந்த பாடம் இதுதான்: நிறுவனத்தை விட்டு வெளியேயும் ஒரு படி வாழ வேண்டும். அதே தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. 2024-இல் வந்த திருத்தம், தன் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றக் கேட்கும் உரிமையையும் சேர்த்திருக்கிறது. இந்த உரிமைகள் இருப்பது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலையை விட்டு விலகும்போது பணிச் சான்றுக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் கேட்டு வாங்குவது பிச்சை கேட்பதல்ல. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், சேமநிதி அறிக்கை ஆகியவற்றில் ஒரு தாள் படி வீட்டிலும், ஒரு மின்படி கணினியிலும், இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். கைப்பேசியை நம்பி மட்டும் வைக்க வேண்டாம். கைப்பேசி மாறும்போதெல்லாம் படியையும் மாற்றி, திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மூடப்பட்ட தோட்டங்களின் கோயில் கணக்குப் புத்தகங்களும் இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் இன்னும் எங்கேனும் பெட்டிகளில் இருக்குமானால், கறையானுக்கு முன்னால் மனிதன் அங்கே போய்ச் சேர வேண்டும். தேசிய ஆவணக் காப்பகம் இருப்பதும் அதற்காகத்தான். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளேடுகளின் பழைய பக்கங்களும் இந்தச் சமுதாயத்தின் பதிவேடுகளே.

கேமரன் மலைச் சரிவுகளில் இன்று கொழுந்தெடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் ஏதோ ஒரு கணினியில் ஏறுகின்றன. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட காலத்தில் நம் பாட்டன் பாட்டிக்கு இருந்த அதே நிலை இன்று அவர்களுக்கு. வேலை செய்ததற்கான சாட்சி, வேலை கொடுத்தவர் கையில் மட்டும். தமக்கு நேர்ந்ததை அறிந்த ஒரு சமுதாயம், அடுத்தவருக்கு அது நேராமல் பார்த்துக்கொள்ளக் குரல் கொடுக்க வேண்டாமா?

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று கேட்டார்கள் பெரியவர்கள். எழுதினால் மட்டும் போதாது என்பதை இந்த நூறாண்டு வரலாறு சேர்த்துச் சொல்கிறது. எழுதியதில் ஒரு படி, எழுதப்பட்டவன் கையிலும் இருக்க வேண்டும்.